இரவுச் சீரியலும் வீட்டிலிருக்கிற பதின்மரும்: ரிவி உண்மையில் என்ன செய்யுது?

#1 வல்லைவெளி

"ரிவி பார்த்துத்தான் பெடியள் கெட்டுப்போகினம்" எண்டு தொடங்கின திரி எல்லாம் சண்டையில்தான் முடிஞ்சிருக்கு. இந்தத் திரியில் மூன்று விசயத்துக்குள்ள நிற்பம். ஆய்வுகள் என்ன சொல்லுது? சென்னையில் இருந்து எங்கட வீடுகளுக்கு வாற நிகழ்ச்சிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும்? யாழ்ப்பாணத்து வீடொண்டில் என்ன செய்யலாம்? தொழில்ரீதியாத் தெரிஞ்சவை எழுதுங்கோ. சொந்தக் கதை வேண்டாம். பிள்ளையளின்ர விசயம், ஆரெண்டு பிடிபடுகிற மாதிரி ஒரு வரிகூட வரக்கூடாது.

முதல் ஆய்வை நானே வைக்கிறன். 2004இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ரெபெக்கா கொலின்ஸ் குழு வெளியிட்டது. 12 தொடக்கம் 17 வயது வரையான 1,792 பேரிடம் என்னென்ன நிகழ்ச்சி பார்க்கிறியள் எண்டு கேட்டு, ஒரு வருடம் கழிச்சு அதே ஆக்களிட்டத் திரும்பப் போனவை. பாலியல் உள்ளடக்கம் கூடுதலாப் பார்த்த மேல் பத்து வீதத்தினர் அந்த இடைவெளியில் உடலுறவைத் தொடங்கியிருக்கிற சாத்தியம், மிகக் குறைவாப் பார்த்த பத்து வீதத்தினரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கனபேர் தவறவிடுகிற இடம் அடுத்தது: காட்சியாகக் காட்டினாலும் சரி, வெறும் கதையாகப் பேசினாலும் சரி, தொடர்பு ஒரே அளவாத்தான் இருந்தது. "எங்கட சனலில் முத்தம்கூட இல்லை" எண்டு ஆறுதல்படுகிறவை இதை இரண்டு தரம் வாசியுங்கோ.

#2 ஒடியல்கூழ்

வல்லை அண்ணை, பாதியைத்தான் வைச்சிருக்கிறியள்.

2006இல் ஜேன் பிரவுண் குழு வட கரோலைனாவில் 14 பாடசாலைகளின் 1,017 மாணவரை வைச்சு இதே மாதிரி ஒரு முடிவு சொன்னது. 12 முதல் 14 வயது, இரண்டு வருடத் தொடர்ச்சி. ரிவி மட்டுமில்லை, படம், பாட்டு, சஞ்சிகையும் சேர்த்து எண்ணினவை. வெள்ளையின மாணவரில் பாலியல் உள்ளடக்கம் அதிகம் எடுத்தவைக்கு அந்தச் சாத்தியம் இரண்டு மடங்குக்கு மேல். 2011இல் லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க்கும் கத்ரின் மோனகனும் அதே தரவை எடுத்து, வேற முறையில் திரும்பக் கணக்குப் பார்த்தவை. தொடக்கத்திலேயே ஒரேமாதிரி இருந்த பிள்ளையளை மட்டும் சோடி சோடியா ஒப்பிட்டவை: வீட்டுக் கண்காணிப்பு, படிப்பில் ஈடுபாடு, நண்பர் வட்டம், ஏற்கெனவே இருக்கிற ஆர்வம் எல்லாம் சமமா வாற மாதிரி. அப்பிடிச் செய்ய, முந்தி இருந்த தொடர்பு காணாமல் போச்சு.

காரணம் லேசு. ஆர்வம் வந்த பிள்ளை அந்த நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்குது. வீட்டில் கவனிக்க ஆளில்லாத பிள்ளை ரிவியும் கூடப் பார்க்கும், மற்றதும் கெதியாத் தொடங்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகுது, ஒண்டு மற்றதைப் பெற்றதில்லை. அதனால "ரிவி பார்த்தால் இது நடக்கும்" எண்டு நேர்கோடு போட ஏலாது.

#3 வல்லைவெளி

ஒத்துக்கொள்ளுறன், ஆனால் ஒரு திருத்தம். 2011 ஆய்வு கேட்டது "எப்ப தொடங்கினம்" எண்ட ஒரே கேள்வி. ரிவி என்ன நம்பிக்கையை விதைக்குது எண்ட கேள்வியை அது தொடவில்லை. எங்கட சூழலில் பெரிய கேள்வி அந்த இரண்டாவதுதான்.

#4 கீரிமலைக்கேணி

அதிலதான் நான் வாறன். தமிழ்ச் சீரியலில் படுக்கையறைக் காட்சி எண்ணினால் ஒண்டும் தேறாது. எண்ண வேண்டியது கதைக்கட்டு.

திரும்பத் திரும்ப வாறவை இவைதான். பெண் "வேண்டாம்" எண்ட பிறகும் பின்னால திரிஞ்சு, கடைசியில் காதலை வெல்லுறவன். தூக்கத்திலோ மயக்கத்திலோ இருக்கேக்க கட்டின தாலி, அதுக்குப் பிறகு "தாலி ஏறினால் ஏறினதுதான்" எண்டு அவளையே பொறுத்துப்போகச் சொல்லுற பெரியாக்கள். கெடுத்தவனுக்கே கட்டிக்குடுக்கிற ஊர்த் தீர்ப்பு. அறைஞ்சிட்டுக் கட்டிப்பிடிக்கிற கணவன். வாந்தி எடுத்தவுடன் ஒரு கிழவி நாடி பிடிச்சு "மூன்று மாசம்" எண்டுறது.

பிழை எங்க எண்டால், இந்த ஒவ்வொண்டுக்கும் பின்னால பாசமான பின்னணி இசை ஓடும். இசைதான் பிள்ளைக்குச் சொல்லுது எது சரியெண்டு. வசனத்தில் கண்டிச்சாலும் இசை மன்னிச்சுவிடும்.

நாடி பிடிச்சுக் கர்ப்பம் சொல்ல ஏலாது. மாதவிடாய் தள்ளிப்போன நாளிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனைதான் வழி. பாமசியில் வாங்கலாம். சீரியலில் அந்தச் சோதனைப் பட்டி வாறதே அரிது, வந்தாலும் மாமியார் கண்டெடுக்கிற துப்பறியும் பொருளாத்தான் வரும்.

இரவு நகைச்சுவைப் போட்டிகளையும் விடாதேங்கோ. இரட்டை அர்த்தப் பகிடிக்கு நடுவர் விழுந்து விழுந்து சிரிக்க, பக்கத்தில் எட்டு வயதுப் போட்டியாளர் நிற்பார். வல்லை சொன்ன "பேச்சும் காட்சியும் ஒண்டு" எண்ட முடிவு பொருந்துகிற இடம் இது. சிறுவர் நடனப் போட்டிகளில் பிள்ளையளைப் பெரியாக்களின்ர கவர்ச்சி அசைவுகளோட ஆட விடவேண்டாம் எண்டு இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு 2019 யூனில் எல்லாச் சனலுக்கும் அறிவுரை அனுப்பினது. அறிவுரை மட்டும்தான்.

#5 தட்டிவான்

இலங்கை ரிவியில் சிகரெட்டையும் போத்திலையும் மறைப்பினம். 2006ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு வந்த பழக்கம். கதாநாயகியின்ர கன்னத்தில் விழுகிற அறைக்கு மறைப்பு இல்லை. சுவாசப்பை மட்டும் தப்பினால் காணும் போல.

#6 அப்புக்காத்து

சட்டப் பக்கம் ஆரும் தொடவில்லை. சென்னைச் சனல் பார்க்கிற யாழ்ப்பாணப் பிள்ளைக்கு இது தனிப் பிரச்சினை: நாடகத்தில் கேட்கிற சட்டம் இந்தியச் சட்டம், வாழுறது இலங்கைச் சட்டத்துக்குக் கீழ.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களில் இருந்து பிள்ளையளைக் காக்கிற சட்டம்) சம்மத வயது 18. இங்க தண்டனைச் சட்டக் கோவை 363ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின்படி 16. அதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையோட உடலுறவு, அவள் சம்மதிச்சாலும், வல்லுறவுக் குற்றம். "ரெண்டு பேரும் விரும்பித்தானே" எண்டு சொல்லித் தப்ப ஏலாது. பதினேழு வயதுப் பெடியனுக்கும் அது பொருந்தும் எண்டு கனபேருக்குத் தெரியாது.

சீரியலில் "ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைச்சிட்டு வா" எண்டு லேசாச் சொல்லுவினம். இந்தியாவில் 1971 முதல் நிபந்தனைகளோட அனுமதி இருக்கு. இலங்கையில் 303ஆம் பிரிவு, 1883 கோவை: தாயின்ர உயிரைக் காப்பாற்ற மட்டும். மற்ற எல்லாம் குற்றம். இந்த வித்தியாசம் தெரியாத பிள்ளை பயத்தில் ஆரோ சொன்ன இடத்துக்குப் போய் உயிராபத்தில் மாட்டும்.

உதவி இலக்கமும் அப்பிடித்தான். இந்திய நிகழ்ச்சியின் அடியில் ஓடுற 1098 அங்கத்தைய சிறுவர் இலக்கம். இங்க 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்க வேண்டிய இலக்கம்.

பின்னால திரியிற "காதல்" பற்றி: 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவு. சொல்லாலோ செயலாலோ செய்தாலும் அடங்கும், ஐந்து வருடம் வரை சிறை. சீரியல் கதாநாயகர் அரைவாசிப்பேர் உள்ளுக்க இருக்க வேண்டியவை.

#7 நெல்லியடிச்சந்தி

அப்ப இந்த நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்திறது ஆர்? எங்கட தணிக்கைச் சபை பாக்காதோ?

#8 அப்புக்காத்து

தணிக்கைச் சபை 1912ஆம் ஆண்டுப் பொதுக் காட்சிகள் சட்டத்தின் வழி வந்தது. அதின்ர வேலை முக்கியமாத் திரைப்படமும் மேடை நாடகமும். ஒளிபரப்புக்கெண்டு தனிச் சுயாதீன ஆணைக்குழு இங்க இல்லை. 1997இல் ஒரு மசோதா வந்தது, சுயாதீனம் காணாது எண்டு உயர் நீதிமன்றம் தடுத்தது.

இந்தியப் பக்கத்தில் "ஏ" சான்றிதழ்ப் படத்தை வெட்டித் திரும்பச் சான்றிதழ் எடுக்காமல் ரிவியில் போட ஏலாது. சீரியலுக்கு முன்தணிக்கையே இல்லை. 2011இல் ஒளிபரப்பாளர் தாங்களே அமைச்ச முறைப்பாட்டுச் சபை ஒண்டு இருக்கு. அவையின்ர விதியில் வளர்ந்தோருக்கான நிகழ்ச்சி இரவு 11 முதல் அதிகாலை 5 வரை. 2006 ஏப்ரலில் இருந்து எங்கட நேரமும் இந்திய நேரமும் ஒண்டு எண்டபடியால் அந்த எல்லை இங்கயும் அதே மணிக்குத்தான் வருகுது. ஆனால் எட்டரை மணிச் சீரியல் "எல்லோருக்கும்" எண்ட பகுதியில் இருக்கு. நீங்கள் பயப்படுறது பதினொரு மணிக்குப் பிறகு இல்லை.

#9 கம்பிக்காரன்

தொழில்நுட்பம் என்ர பகுதி. சுருக்கமா எழுதேலாது, பொறுங்கோ.

சட்டலைற் பெட்டி, ஐபிரிவி (இணைய வழி ரிவி) பெட்டி: அமைப்புகளுக்குள் "பெற்றோர் பூட்டு" இருக்கும். முதல் வேலை பெட்டியோட வந்த ஆரம்ப இலக்கத்தை மாத்திறது. 0000, 1234 எல்லாம் பிள்ளைக்கு உங்களுக்கு முதலே தெரியும். பிறகு சனல் சனலாப் பூட்டுங்கோ. வயதுத் தரத்தை வைச்சுப் பூட்டினால் கன சனலில் வேலை செய்யாது, ஏனெண்டால் ஒளிபரப்போட தர அடையாளம் வராது.

உள்ளூர்க் கேபிள்: பெட்டி இல்லாமல் நேர வயர் வந்தால் ரிவியின்ர சொந்தச் சனல் பூட்டு மட்டும்தான் வழி. கேபிள்காரர் சனல் வரிசையை மாத்தினால் பூட்டு பழைய இலக்கத்தில் நிண்டுவிடும். பூட்டினது நிகழ்ச்சியை இல்லை, அலைவரிசை இடத்தை.

நெட்பிளிக்ஸ்: ரிவியில் தேடாதேங்கோ, இணையத்தில் கணக்குக்குள் போங்கோ. பிள்ளையின்ர சுயவிவரத்துக்கு வயதுத் தரம் வையுங்கோ, குறிப்பிட்ட தலைப்புகளைப் பெயர் குடுத்தும் தடுக்கலாம். பெரியாக்களின்ர சுயவிவரத்துக்கு நாலு இலக்கப் பூட்டு போடாவிட்டால் செய்த வேலை முழுக்க வீண். பிள்ளை பக்கத்துப் படத்தை அமத்தி உள்ள போகும்.

யூரியூப்: "கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை" அந்தக் கருவிக்கு மட்டும்தான். ரிவியில் போட்டால் போனுக்கு வராது. இரட்டை அர்த்தப் பகிடித் துண்டுகளை இது பிடிக்காது, தமிழில் இன்னும் குறைவு.

றூட்டர்: 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் எழுதின முகவரி. டிஎன்எஸ் (தளத்தின்ர பெயரை இலக்க முகவரியா மாத்திக் குடுக்கிற சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 குடுத்தால் ஆபாசத் தளங்கள் நிற்கும். தேடல் முடிவும் வடிகட்டுப்பட வேணுமெண்டால் 185.228.168.168, 185.228.169.168.

ஏன் வேலை செய்யாமல் போகுது எண்டு கேட்கிறவை, இந்த ஒழுங்கில் பாருங்கோ. ஐபிவி6 எண்ட புது முகவரி முறை திறந்திருந்தால் கருவி பழைய டிஎன்எஸ்ஸுக்கே போகும்: நிப்பாட்டுங்கோ, அல்லது அங்கயும் 2606:4700:4700::1113 குடுங்கோ. பிரவுசருக்குள் "பாதுகாப்பான டிஎன்எஸ்" போட்டிருந்தால் றூட்டரைத் தாண்டிப் போகும். போனில் டேட்டா போட்டால் றூட்டருக்கே சம்பந்தமில்லை. அதுக்கு அன்ட்ரொயிட்டில் "தனிப்பட்ட டிஎன்எஸ்" எண்ட இடம் இருக்கு. அங்க இலக்கம் ஏற்காது, சேவையின்ர பெயர் முகவரிதான் கேட்கும். விபிஎன் (வேற வழியால மறைச்சுக் கொண்டுபோற இணைப்பு) போட்டால் எல்லாம் முடிஞ்சுது. சில 4ஜி வீட்டு றூட்டரில் டிஎன்எஸ் மாத்திற இடமே இருக்காது.

இவ்வளவும் ஆபாசத் தளத்துக்கு. கீரிமலை எழுதின தாலிக் காட்சியை எந்த வடிகட்டியும் நிறுத்தாது. பன்னிரண்டு வயது வரை பூட்டு நல்ல உதவி. பதினைஞ்சில் அது ஒரு வேகத்தடை மட்டும்தான்.

#10 ஊமத்தம்பூ

உளவளத்துணைப் பக்கத்தில் இருந்து. கம்பிக்காரன் கடைசியில் சொன்னதுக்கு ஆய்வும் இருக்கு. 2002இல் ஏமி நேதன்சன் பதின்மர் மத்தியில் பார்த்தவ: தடை கூடின வீட்டுப் பிள்ளையள் பெற்றோரில் குறைஞ்ச பிடிப்போடயும், தடுத்த நிகழ்ச்சியில் கூடின விருப்போடயும் இருந்தவை, அதை நண்பர் வீட்டில் பார்த்தவை. சும்மா பக்கத்தில் இருந்து பேசாமல் பார்த்தாலும் பிரச்சினை: மௌனத்தைப் பிள்ளை சம்மதமா எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பேசிப் பார்க்கிறது.

அதுக்குச் சான்று ஒண்டு. ஒரு பிரபல அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் ஆணுறை பாவிச்சும் கர்ப்பமான கதை வந்தது. தொடரை வழக்கமாப் பார்க்கிற 506 பதின்மரிடம் கொலின்ஸ் குழு கேட்டது. அந்தப் பாகத்தைப் பெரியவர் ஒருவரோட பார்த்தவைக்கு அல்லது பிறகு கதைச்சவைக்கு, அதில் சொன்ன தகவல் நினைவிருக்கிற சாத்தியம் இரண்டு மடங்குக்கு மேல். அதே காட்சி. கதைச்ச வீட்டில் அது பாடமாச்சு.

எப்பிடிக் கதைக்கிறது எண்டதுதான் எல்லாரும் சறுக்கிற இடம்.

காட்சி ஓடேக்க பேசாதேங்கோ, றிமோட்டைப் பாய்ஞ்சு எடுத்து மாத்தாதேங்கோ. பாய்ஞ்சால் பிள்ளை படிக்கிறது "இது அம்மாவோட கதைக்கக்கூடாத விசயம்" எண்டு. நாளைக்கு ரியூசன் போற வழியில் ஒருத்தன் தொந்தரவு குடுத்தாலும் அதே பாடத்தின்படி வாயை மூடும்.

விளம்பர இடைவெளி வரட்டும். இந்தியச் சனலில் விளம்பரத்துக்குக் குறைவில்லை, ஒரு கேள்விக்குத் தாராளம். கேள்வி கதாபாத்திரத்தைப் பற்றி இருக்க வேணும், பிள்ளையைப் பற்றி இல்லை. "அவள் ரெண்டு தரம் வேண்டாமெண்டவள், அவன் ஏன் கேட்கேல்லை?" "உந்தப் பெடியன் எங்கட ஊரில் இருந்தால் என்ன நடக்கும்?" கேட்டிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேணும். பத்துச் செக்கன் மௌனம் பெற்றோருக்குத் தாங்காது, தாங்கப் பழகுங்கோ. "தெரியாது" எண்டு பிள்ளை சொன்னால் அதோட விடலாம். ஒரு இரவுக்கு ஒரு கேள்வி போதும்.

முகத்துக்கு முகம் இருத்தி வைச்சுக் கதைச்சால் அது விசாரணை. சோபாவில் பக்கத்தில், அல்லது மரக்கறி வெட்டேக்க, சைக்கிள் துடைக்கேக்க. கெடுக்கிற வசனங்கள்: "உனக்கும் ஆரும் இருக்கோ?", "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்", "உதெல்லாம் உனக்கு இப்ப வேண்டாம்". முதலாவது வசனம் ஆறு மாதத்துக்கு வாயை அடைக்கும்.

பெடியனோட ஆர் கதைக்கிறது? தகப்பன் வெளிநாடெண்டால் தாய்தான், அல்லது நம்பிக்கையான மாமா. பெட்டையோட மட்டும் கதைச்சு, பெடியனை விட்டால் அரைவாசி வேலை. கேட்காமல் தொடக்கூடாது எண்டு சொல்லவேண்டியது அவனுக்கு.

#11 நெல்லியடிச்சந்தி

எங்கட வீடுகளில் றிமோட் அம்மம்மாவின்ர கையில் அக்கா. அவவுக்கு முன்னால உதெல்லாம் எப்பிடிக் கதைக்கிறது?

#12 ஊமத்தம்பூ

அம்மம்மாவைச் சேர்த்துக் கதைக்கலாம் தங்கச்சி. நேரடியா உறுப்பைப் பற்றிக் கதைக்கச் சொல்லேல்லையே. "உங்கட காலத்தில் இப்பிடித் தாலி கட்டினவனை என்ன செய்திருப்பினம் அம்மம்மா?" எண்டு கேளுங்கோ. அவவின்ர பதில் சீரியலைவிடக் காரமா வரும். உடல், கருத்தடை பற்றினவை வேற நேரத்துக்கு.

#13 குடும்பநலம்

கதைக்கத் தொடங்க நேரம் தேடுறவைக்கு, நாட்காட்டியே நேரம் தருகுது. தரம் 1, 4, 7, 10இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை. தரம் 6இல் பெண்பிள்ளையளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்பிவி தடுப்பூசி, 2017 முதல். சம்மதப் படிவம் வீட்டுக்கு வருகிற அண்டைக்கே "இது எதுக்கு?" எண்ட கேள்வியும் வரும். "காய்ச்சல் வராமல்" எண்டு பொய் சொல்லி அந்த வாசலை மூடாதேங்கோ.

சாமத்தியவீட்டுக்கு மண்டபம், வீடியோ, அல்பம் எண்டு லட்சக்கணக்கில் செலவழிப்பினம். மாதவிடாய் ஏன் வருகுது, எத்தனை நாளைக்கொருக்கால் வரும், எப்ப டொக்டரிட்டப் போகவேணும் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். அந்த வெற்றிடத்தில்தான் சீரியல் வந்து இருக்குது.

சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இனப்பெருக்கச் சுகாதாரம் இருக்கு. வகுப்பில் "வீட்டில் வாசியுங்கோ" எண்டு தாண்டிற பக்கம் பெரும்பாலும் அதுதான். புத்தகத்தை வீட்டில் திறந்து பாருங்கோ, எந்தப் பக்கத்தில் குறிப்பு எழுதப்படேல்லை எண்டது தெரியும். கேள்விக்கு உங்களுக்கு விடை தெரியாட்டில் எம்ஓஎச் (சுகாதார மருத்துவ அதிகாரி) பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தரிட்டக் கேட்கலாம், காசில்லை. சில அரச மருத்துவமனைகளில் இளையோருக்கெண்டு "யொவுன் பியச" நிலையங்களும் இருக்கு.

அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு பலன். ஏற்கெனவே தங்கின கருவை அது கலைக்காது. பதினாறு, பதினேழு வயதுக்கு இந்த இரண்டு வசனமும் தெரிஞ்சிருக்க வேணும். அப்புக்காத்து எழுதின 303ஐத் திரும்ப வாசிச்சால் ஏனெண்டு விளங்கும்.

#14 தட்டிவான்

இதைச் சொல்லிக்குடுத்தால் பிள்ளை செய்து பார்க்க வெளிக்கிடும் எண்டு ஒரு கோஷ்டி இப்ப வரும்.

#15 ஒடியல்கூழ்

வரட்டும். ரிவி நல்லதுக்கும் வேலை செய்யும் எண்டதுக்கு ஒரு தரவு வைக்கிறன். 2009இல் அமெரிக்காவில் பதின்மவயதுத் தாய்மாரின்ர நித்திரையில்லாத இரவுகளையும் காசுக் கஸ்டத்தையும் அப்பிடியே காட்டின நிகழ்ச்சி ஒண்டு தொடங்கினது. அடுத்த 18 மாதத்தில் அங்க பதின்மவயதுப் பிரசவம் 4.3 வீதம் குறைய அது காரணம் எண்டு கேர்ணி, லெவைன் எண்ட இரண்டு பொருளியலாளர் கணக்குப் போட்டவை. வேற பொருளியலாளர் முறையைக் கேள்வி கேட்டவை, அதையும் சொல்லவேணும். எப்பிடியோ, பின்விளைவைக் காட்டினதால ஆரும் ஓடிப்போய்ச் செய்தமாதிரித் தெரியேல்லை.

எங்கட பக்கத்தில் பின்விளைவு காட்டுற பாகம் எத்தனை? அமெரிக்காவில் கைசர் நிறுவனம் 2005இல் எண்ணினது: பாலியல் உள்ளடக்கம் இருந்த நிகழ்ச்சிகளில் ஆபத்தையோ பொறுப்பையோ பற்றி ஏதாவது சொன்னவை 14 வீதம். தமிழுக்கு ஆராவது எண்ணினால்தானே தெரியும்.

#16 கீரிமலைக்கேணி

எண்ணலாம். ஊடகக் கற்கை படிக்கிற மாணவருக்கும் நல்ல செயல்திட்டம். ஒரு தொடர், ஒரு கிழமை. தாளில் ஆறு நிரல்: நேரம், பேச்சா காட்சியா, ஆர் தொடங்கினது, கேட்டுத்தான் தொட்டதா, மறுத்தால் என்ன நடந்தது, பின்னணி இசை கண்டிச்சுதா கொஞ்சிச்சுதா. பின்விளைவுக்கு ஏழாவது நிரல் போடலாம், பெரும்பாலும் வெறுமையா இருக்கும்.

இரண்டு பேர் தனித்தனியா, கதைக்காமல் நிரப்ப வேணும். பிறகு ஒப்பிடுங்கோ. பத்தில் எட்டுக்குக் குறைவா ஒத்துப்போனால் வரையறை பிழை, ஆக்கள் பிழை இல்லை. வழக்கமா "இசை" நிரலில்தான் முட்டும், அதுக்கு முதலே மூன்று உதாரணம் எழுதிவையுங்கோ. முந்தின கதை ஓடுற பகுதியை எண்ணாதேங்கோ, ஒரே காட்சி இரண்டு தரம் கணக்கில் வந்துவிடும்.

7 மணி, 8.30, 9.30 எண்டு மூன்று நேரம் எடுப்பம். ஒவ்வொண்டுக்கும் இரண்டு பேர்.

#17 நெல்லியடிச்சந்தி

எட்டரை நானும் அம்மம்மாவும்.

#18 கீரிமலைக்கேணி

அம்மம்மா தனியா நிரப்ப வேணும் தங்கச்சி, பார்த்து எழுத விடாதேங்கோ. ஏழு மணிக்கு ஆர்?